காளி என்றொரு நாய்

முனிராஜ் தெருவில் இறங்கி நடந்தால் ஆஸ்டின் டவுன் நாய்கள் எல்லாம் குரைக்கும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடும். அவர் கார்ப்பரேஷனின் நாய் பிடிக்கும் வண்டியில் வேலை பார்த்தார். கம்பிச் சுருக்கைக் கழுத்தில் மாட்டி இழுத்து வண்டிக்குள் தள்ள வேண்டும். அந்த நாட்களில் அப்படிப் பிடிபட்ட தெருநாய்கள் திரும்பி வந்ததில்லை. கடிபட்டு ஆஸ்பத்திரியில் ஊசிக்கு நிற்கும் பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். யாராவது செய்தாக வேண்டிய வேலை என்றுதான் நினைத்திருந்தார்.

தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் ஷோபாவுக்காக மியூசியத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கூட்டிப் போன அன்று அவளுக்கு ஜுரம். அன்றிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். மனைவி காந்தா புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டாள். கப்பன் பார்க்கில் சாப்பிட்டுவிட்டு, கஸ்தூர்பா ரோட்டில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள்.

ஷோபா சிலைகளைப் பார்த்துக்கொண்டே முன்னால் ஓடினாள். முனிராஜ் ஒரு பெரிய கல்லின் முன் நின்றுவிட்டார். பழைய எழுத்துகளுக்கு நடுவே ஒரு நாயும் காட்டுப்பன்றியும் கட்டிப்புரண்டு சண்டை போட்டன.

"இன்னா காந்தா இது? நாயைப் போயி செதுக்கி வச்சிருக்கான்."

காந்தா ஏழாவது வரை கன்னடத்தில் படித்தவள். பக்கத்திலிருந்த கன்னடப் பலகையை மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"ஆயிரம் வருஷத்துக் கல்லாம். சண்டையில ஜெயிச்ச வீரனுக்கு ராஜா பரிசு குடுத்தப்போ, எனக்கு உங்க நாய்தான் வோணும்னு கேட்டானாம். அது காட்டுப்பன்னி கூட மோதி, ரெண்டுமே செத்துப்போச்சாம். அதுக்குக் கல்லு நட்டு, பூஜைக்கு நெலமும் வுட்டிருக்காங்க."

"நாய்க்கா?"

"நாய்க்குத்தான். பேரு காளியாம்."

காந்தா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பேரு கூட எழுதியிருக்குதா? இன்னொரு தபா படி."

அவள் மறுபடியும் படித்தாள். அதற்குப் பிறகு ஷோபா கையைப் பிடித்து இழுத்துக் காட்டியது எதுவும் அவர் கண்ணில் பதியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார். "நாங்க பிடிக்கிறதுலயும் பேரு வச்சது இருந்திருக்கும் இல்ல?"

காந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "நம்ம சந்துல ஒரு நொண்டி நாய் இருந்துச்சே, அதும் பேரு மணி. நான்தான் சோறு போடுவேன்."

அந்த நாயைப் பிடித்தது அவர்தான்.

"எங்கிட்ட சொல்லவேயில்லியே."

"சொல்லியிருந்தா? வேலையை வுட்டிருப்பீங்களா?"

இத்தனை நாள் அவள் இதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பதுதான் அவரை அதிகம் வருத்தியது.

மறுநாள் வேலையில், சுருக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டார். "இதுக்குப் பேரு இருக்குதா?"

கடைக்காரர் விழித்தார். பிறகு, "டைகர்" என்றார். முனிராஜ் அந்த நாயை விட்டுவிட்டார்.

பேரைச் சொன்னால் விட்டுவிடுகிறார் என்ற சேதி சந்துக்குச் சந்து பரவியது. வண்டிச் சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்து வாய்க்கு வந்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவன் நான்கு நாய்களுக்கும் ராஜு என்றே சொன்னான்.

"நாலுக்கும் ஒரே பேரா?"

"அண்ணன் தம்பிங்கண்ணா."

முனிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கையும் விட்டுவிட்டார்.

சூப்பர்வைசர் வெங்கடசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "யோவ், வண்டி காலியா வருது. நீ நாய் பிடிக்கிறியா, சென்சஸ் எடுக்கிறியா?"

"மனசு வரல சார்."

"மனசு வரலன்னா வேற வேலைக்குப் போ."

மழையில் விழும் மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும் ஆட்களோடு அவரைச் சேர்த்தார்கள். முதுகு ஒடியும் வேலை. காந்தா தைலம் தேய்த்துவிடுவாள். ஒருநாளும் இருவரும் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு முறை மாறியது. பிடித்த நாய்க்குக் குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பழைய தெருவிலேயே விட வேண்டும் என்றார்கள். வெங்கடசாமியே தேடிக்கொண்டு வந்தார். "உன் அளவுக்குப் பதமா பிடிக்க ஆள் இல்லய்யா. வர்றியா?"

முனிராஜ் காந்தாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

புதிய வேலையில் முதல்முறை நாயை விடப்போன நாள், வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"கதவைத் தொறந்தேன். குதிச்சு ஓடிப்போச்சு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.