சேற்றில் நின்ற லாரி

எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தம் முடிந்து இருசப்பன் விடுப்பில் திருவண்ணாமலைக்கு வந்தபோது, எத்தனை பேரைச் சுட்டாய் என்று தெருவே கூடிக் கேட்டது. "யாரையும் சுடலீங்க. லாரி ஓட்டினேன்" என்றார். வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட, கலைந்து போனார்கள். மனைவி ஆதிலட்சுமிக்குத்தான் மனசு ஆறவில்லை. சோறு போட்டபடி, "லாரியில இன்னாதான் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பீரங்கிக் குண்டு. ஆத்துக்கு அந்தாண்ட எதிரி. எங்க ஆளுங்ககிட்ட குண்டு கம்மியாயிடுச்சு. லாரி வந்தாத்தான் ஆத்தைத் தாண்டணும்னு அதிகாரி படையை நிறுத்திவெச்சிருந்தாரு. என் லாரி நடுவழியில சேத்துல புதைஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

"அந்த ஊர் ஜனங்க மாட்டுவண்டி கொண்டாந்தாங்க. அவங்க பேச்சு எனக்குப் புரியல. குண்டுங்களை வைக்கோல் மேல அடுக்கிக்கினு கூடவே நடந்தேன். நாங்க போய்ச் சேந்த பிறகுதான் படை கிளம்புச்சு."

ஆதிலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். "அத்தினி பெரிய பட்டாளமும் உங்களுக்காகவா காத்துகினு இருந்துச்சு?"

இருசப்பன் கூச்சத்தோடு தலையசைத்தார்.

மறுநாள் காலையில் தேரடித் தெருவுக்குப் பூ வாங்கப் போனவள், மத்தியானம்தான் திரும்பினாள். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் பிடித்தது.