காற்றுப் பக்கம் உட்கார்ந்தவள்

பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில். 2000-ஆம் வருடம், மே 27, சனிக்கிழமை. நேரங்களைக் கைக்கடிகாரம் பார்த்துப் படகின் நோட்டில் எழுதியிருக்கிறேன். நம்பாதவர்கள் வுண்டா படகுத்துறைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

என் பெயர் தாயம்மா. எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவை ஒட்டிய லாமியில், ஒரு படகுப் பட்டறையில் இருபது வருடம் ஃபைபர் பூசியவள். இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைத் துப்பாக்கி முனையில் கவிழ்த்து எட்டு நாள் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ரவீந்திரா முந்தின வருடமே சிட்னிக்குப் போய்விட்டார். "எல்லாத்தையும் வித்துட்டு வந்து சேரு" என்று தினமும் போன். விற்க என்னிடம் என்ன இருந்தது? அந்தப் பாய்மரப் படகு ஒன்றுதான். படுப்பதும் அதில்தான், இனிமேல் பிழைப்பும் அதில்தான்.

அபூர்வமான படகு. இருபத்தெட்டு அடி. அந்த அச்சில் வார்த்தது மொத்தம் மூன்றே மூன்று. பிறகு அச்சையே உடைத்துவிட்டார்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூர். ஈயத்தை உள்ளே வைத்துப் பூசிய அடிப்பாகம் நீளமாகச் சுக்கான் வரை ஓடும். கையை எடுத்தாலும் நேராகப் போகும். ஆனால் உடம்பு ஒடுக்கம். ஓர் ஆள் காற்று வந்து மோதும் காற்றுப் பக்கம் உட்கார்ந்தாலே படகின் சாய்வு குறையும், சாய்வு காட்டும் முள்ளில் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள்.

ஜிதேந்திரா என்பவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது கரையில் ஏற்றி வைத்துவிட்டுப் போனது. பன்னிரண்டு வருடம் பட்டறையில் கிடந்தது. போனில் பேசி எனக்கு விற்றபோது ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"தனியாப் போனாலும், படகைத் திருப்புறதுக்கு முந்தி சத்தமாக் கூப்பிடும்மா."

"யாரை?"

போனை வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை நாலு பேர் வந்தார்கள். சாயங்காலம் வந்து படகை எடுத்துக்கொள்வார்களாம். நான் என் ஊருக்குப் போய்விட வேண்டுமாம். எதுடா என் ஊர்? நான் பிறந்தது இதே தீவில், பா ஊர் வரதோலியில். அவர்கள் தலை மறைந்ததும் பாயை ஏற்றினேன். இன்ஜின் இன்னும் பொருத்தவில்லை. இருட்டுவதற்குள் பவளப்பாறை வரிசைக்கு நடுவே திறந்த கடலுக்குப் போகும் வாசலைத் தாண்டினால் போதும், மறுநாள் மேற்கே வுண்டாவில் கட்டிவிடலாம். பழுது பார்த்த பிறகு அந்தப் படகில் நான் பாய் விரித்தது அன்றுதான் முதல் தடவை.

பகல் 1.40. தென்கிழக்குக் காற்று பலமாக இருந்தது. முள் இருபது டிகிரி காட்ட வேண்டும். பதினாறு காட்டியது. முள் கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தேன். கெடவில்லை. எனக்கு முன்னால், காற்றுப் பக்கத்து மெத்தை... நடுவில் அமுங்கி இருந்தது.

பேயாவது மண்ணாவது. ஏதோ பழைய மெத்தை.

காற்றுக்கு எதிரே போக வேண்டுமானால் இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசும். குனியாவிட்டால் தலை போச்சு. 2.05-க்கு முதல் திருப்பம். ஆளில்லாத படகில் யாரைக் கூப்பிடுவது? வாயைத் திறக்காமல் திருப்பினேன்.

கட்டை வீசியது. பாதி வழியில்... டொக்.

எதிலோ இடித்து, ஒரு கணம் நின்று, பிறகு போனது. அங்கே இடிக்க ஒன்றுமே இல்லை.

படகு அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்தது. முள் முப்பத்தைந்து. தண்ணீர் உள்ளே வந்தது. எடை பழைய பக்கத்திலேயே கிடந்தது. எழுந்திருக்காமல்.

2.30. இரண்டாவது திருப்பம். இந்தத் தடவை கத்தினேன்.

"திருப்புறேன்!"

க்ரீச்... பலகை முனகியது. யாரோ எழுந்து, என்னைத் தாண்டி, மறுபக்கம் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்து மெத்தை அமுங்கியது. முள் பதினாறில் நின்றது.

3.10. வாசல் வந்துவிட்டது. எதிரே பாறை, அதன் மேல் வெள்ளை நுரை. கடைசித் திருப்பம்.

"திருப்புறேன்!"

ஒன்றும் அசையவில்லை.

சுக்கான் பிடி இறுகிவிட்டது. இரண்டு கையாலும் தள்ளினேன். மறுமுனையில்... யாரோ பிடித்திருந்தார்கள்.

பாறை ஐம்பது அடி.

நாற்பது.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. எட்டு நாளாக ஆளாளுக்கு என்னைத் துரத்தினார்கள். இப்போது நீயுமா?

"ஏய்! நான் நாட்டை விட்டு ஓடறேன்னு நெனச்சியா? வுண்டாவுக்குத்தான் போறேன்! எவன் சொன்னாலும் இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன்! கையை எடு!"

காதருகே, ஒரு பெண் குரல்.

"திருப்பு."

பிடி இளகியது. திருப்பினேன். பாறை பத்தடி தள்ளி நழுவிப் போனது.

மறுநாள் வுண்டாவில் கட்டியதும் ஜிதேந்திராவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னார்:

"என் பெஞ்சாதிம்மா, சுஷீலா. எண்பத்தேழுல, அப்பவும் இதே மாதிரி ஆட்சியைக் கவுத்த வாரம். அதே வாசல்ல. ஆஸ்திரேலியா வரமாட்டேன், இதுதான் என் ஊருன்னு சண்டை போட்டா. கோபத்துல... கூப்பிடாம திருப்பிட்டேன். கட்டை அடிச்சுது. உடம்பு கெடைக்கல."

அவரே தொடர்ந்தார்.

"அப்புறம் ஆறு மாசம் அதே வாசலுக்குத் தெனம் போய்க் கூப்பிட்டேன். எனக்கு ஒரு நாளும் பதில் சொல்லல."

மூன்று வருடம் கழித்து என் வீட்டுக்காரர் என்னை அழைத்துப்போக வந்தார். படகில் ஏற்றி அந்த வாசலுக்குக் கூட்டிப்போனேன். கட்டைக்கு நேரே நின்றுகொண்டு, "போதும் தாயம்மா, சிட்னிக்குக் கெளம்பு" என்றார்.

நான் இன்னும் கூப்பிடவில்லை. காற்றுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"திருப்பு."

அவர் முகம் வெளுத்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. என் கை சுக்கான் பிடியில் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

பிறகு, "தலையைக் குனிங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் திருப்பினேன்.

மறுநாள் காலை விமானத்திலேயே அவர் போய்விட்டார். நான் போகவில்லை. நாங்கள் போகவில்லை.