கடல் கோடும் மாப்பிள்ளையின் உயரமும்

என் தங்கை நல்ல உயரம். யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்து குடியேறிய எங்கள் ஆட்களுக்குள் அவளுக்குப் பேசிய சம்பந்தமெல்லாம் அந்த உயரத்தாலேயே தட்டிப்போயின.

கடைசியில் தைப்பிங்கில் ரயில்வே கிளார்க்காக இருந்த ஒருவர், தைப்பூசத்தன்று கோயிலில் அவளைக் கண்டு, தானாகவே ஆள் விட்டுக் கேட்டார். உயரத்தைப் பார்த்த பிறகும் கேட்ட முதல் ஆள். தங்கை அன்றிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே அரிசி புடைத்தாள். ஆனால் மாப்பிள்ளை பெண்ணைவிட உயரமாக இருந்தே ஆகவேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். வீட்டுக்கு அழைத்துக் கோப்பி கொடுத்துவிட்டால் பிறகு மறுப்பது எங்களுக்குள் பெரிய அவமரியாதை. அதனால் அவர் அனுப்பிய புகைப்படத்தை வைத்தே முடிவு சொல் என்று அம்மா அதை என்னிடம் நீட்டினார்.

நான் மராமத்து இலாகாவில் கட்டடப் படம் வரைபவன். புகைப்படத்தில் அவர் பினாங்குக் கோட்டை மைதானத்துக் கடலோரம் நின்றார். கடலும் வானமும் சேரும் கோடு எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் விழும். இங்கே பார்த்தது காமிரா. ஆகவே அந்தக் கோடு ஆளை எங்கே வெட்டுகிறதோ அதுதான் காமிராவின் உயரம். படம் எடுத்தவரிடம் போய் விசாரித்தேன். நாலரை அடி என்றார். கோடு சட்டைக் கழுத்தில் ஓடியது. அதற்கு மேலுள்ளதையும் கணக்கிட்டால் ஆள் ஐந்தடி நாலங்குலம். தங்கையைவிட மூன்று அங்குலம் குறைவு. இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு எதற்கு என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

தங்கை படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அண்ணை, அவரின்ரை காலைப் பாத்தனீங்களோ? காமிரா புல்லிலை. அவர் கல்லிலை நிக்கிறார். அது ஒரு படி கீழை."

காமிரா இருந்த தரையைவிட அவர் தாழ்ந்து நின்றிருந்தால், என் கணக்கு அவரை அநியாயமாகக் குட்டையாக்கிவிட்டது என்றாகும்.

"அங்கை படி இருக்கோ?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

அந்தக் கரையை அளந்து வரைந்தவனே நான்தான். கல்லும் புல்லும் ஒரே மட்டம். தங்கையின் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம், இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கோப்பித் தட்டோடு தங்கை பக்கத்தில் நின்றபோது அவர் உச்சந்தலை அவள் புருவத்தோடு நின்றது. கணக்கு பிசகவே இல்லை. அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த அம்மா நேரே என்னிடம் வந்தார்.

"எங்கையடா அந்தப் படி?"

நான் வாய் திறக்குமுன் தங்கை முந்திக்கொண்டாள்.

"தேவையெண்டால் நான் ஒரு படி இறங்கி நிக்கிறன், அம்மா. எனக்கு அவர்தான் வேணும்."

அம்மா அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார்.