லாரிபா நகரவில்லை

வடக்குக் கானாவில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த லாரிபா, ஐ.நா. அமைதிப்படைக்குப் புறப்படும் ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் வகுப்பெடுக்க வந்தாள். முதல் வகுப்பிலேயே மேஜர் அக்பேக்கோ எழுந்தார்.

"கிழங்கு விக்கிறவங்க எங்களுக்கு என்னம்மா சொல்லித் தரப் போறீங்க?"

வகுப்பே சிரித்தது. லாரிபா எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போய், அதன் நடுவே செம்மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"என் மேல கை படாம என்னை எழுப்புங்க மேஜர்."

மேஜர் உத்தரவிட்டார், அதட்டினார், கைது செய்வேன் என்றார். வெயில் ஏறியது. அரை மணி நேரத்தில் அவர் தொண்டை கட்டிக்கொண்டது.

"ஏன் உக்காந்திருக்கேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றாள் லாரிபா.

யாரும் சிரிக்கவில்லை. மேஜர் அவள் எதிரில் குந்தினார். "சொல்லுங்கம்மா."

அவள் நெற்றித் தழும்பைக் காட்டினாள். அடுத்த ஊர்த் தலைவர் யார் என்ற சண்டையில் ஊர் இரண்டுபட்டபோது, அவளும் பதினோரு சந்தைக்காரிகளும் இரு கும்பலுக்கும் நடுவே இப்படித்தான் உட்கார்ந்தார்கள். கல் பறந்தது, ஒருத்தியும் எழவில்லை. கடைசியில் இரு பக்கத்துப் பெரியவர்களும் அங்கேயே வந்து பேச வேண்டியதாயிற்று.

மதியம் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "மேஜரை வெயில்ல காய விட்டுட்டீங்களே! மன்னிப்பு கேட்டுடுங்க."

"கேக்க மாட்டேன் சார். வேணும்னா என்னை வேலைய விட்டு எடுங்க."

இயக்குநர் எடுக்கவில்லை. எடுத்தால் தானும் பயிற்சியை விட்டுக் கிளம்பிவிடுவதாக மேஜரே எழுதிக் கொடுத்திருந்தார்.