கண்மையில் ஈயமா? ஆரணியிலிருந்து கிண்டி ஆய்வகம் வரை

போன மாதம் என் மகளின் கண்மையைப் பரிசோதனைக்குக் கொடுப்பதற்காக ஆரணியிலிருந்து சென்னைக்குப் போய்வந்தேன். கோயிலுக்கும் கடற்கரைக்கும் போய்வந்தவர்கள் எழுதுவதைப் போல இதில் படம் போட ஒன்றும் இல்லை. ஆனாலும் வீட்டில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, மையோ மாவோ எண்ணெயோ சந்தேகமாக இருக்கிறதே, எங்கே போவது, எவ்வளவு ஆகும் என்று தேடுகிறவர்கள் இருப்பீர்கள். நான் தேடியபோது தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மை என் ஓர்ப்படியுடையது. கணவரின் அண்ணன் மனைவி செல்வி அக்கா. ஒரே வீடு, கீழே அவர்கள், மேலே நாங்கள். அக்கா வீட்டிலேயே விளக்குப் புகையில் மை பிடித்து டப்பாவில் போட்டு வாட்ஸப்பில் விற்கிறார். வந்தவாசி, பெரணமல்லூர் வரைக்கும் வாடிக்கை உண்டு. என் மகளுக்கு ஒன்றரை வயது. நான் தலை வாரினால் தெருவே எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்துவாள். அதே பெண், செல்வி அக்கா மை இழுக்கும்போது மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பாள். பார்க்கிறவர்கள், "கண்ணு எவ்ளோ பெருசா கீது, யாரு மை போட்டது?" என்று கேட்பார்கள். அந்தக் கண் என் ஜாடை என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான்.

அப்படி இருக்கும்போதுதான், சில கண்மைகளில் ஈயம் இருக்கும், அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று போனில் படித்தேன். அன்று சாயங்காலமே கீழே போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"எதுலக்கா மை புடிக்கிறீங்க?"

"பித்தளைத் தாம்பாளத்துலதான். வெறுமனே புடிச்சா களிம்பு ஏறுதுன்னு போன வாரம் ஈயம் பூசிகினு வந்தேன். பாரு, எப்படி பளபளன்னு கீது!"

ஈயம். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்குப் பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், மாட்டிக்கொண்டாயா என்று ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. மை வேண்டாம் என்று நேராகச் சொன்னால் மாமியார் "பொறாமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கையில் ஆதாரம் வேண்டும். அதுவரை அக்கா கீழே மகளுக்குப் போட்டு அனுப்பிய மையை மேலே வந்து எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். போரூரில் இருக்கும் சித்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, மகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, எங்களிடம் இருந்த சின்ன டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆரணியிலிருந்து ஆற்காடு வழியாகச் சென்னை ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினால் பத்து மணிக்குள் கோயம்பேடு. டிக்கெட் கொடுத்த கண்டக்டர், "எல்லாரும் பொடவ எடுக்க ஆரணிக்கு வராங்க, நீ இன்னாம்மா மெட்ராஸுக்குப் போறே?" என்றார். மை எடுக்க என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கோயம்பேட்டில் இறங்கிய இடத்திலேயே மெட்ரோ இருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கிண்டி தொழிற்பேட்டை பக்கம்தான். எண்பது ரூபாய் வாங்கினார்.

ஆய்வகம் என்றதும் நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். அச்சகத்துக்கு மேலே இரண்டாவது மாடி; முன்னால் கூரியர் ஆபீஸ் மாதிரி ஒரு கவுன்ட்டர். ஊறுகாய், ஷாம்பு, இருமல் மருந்து என்று வரிசையாகச் சீட்டு ஒட்டிக் காத்திருந்தன. என் வயதுதான் இருக்கும், ஒரு கெமிஸ்ட் பெண் வந்து என்ன பரிசோதனை என்று கேட்டார்.

"ஈயம். பாத்திரத்துக்கு ஈயம் பூசியிருக்காங்க. அது மையில இறங்கியிருக்கு," என்றேன், கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல.

அவர் சிரிக்கவில்லை. "பூசறது வெள்ளீயம் மேடம், டின்னு. நீங்க பயப்படறது காரீயம், லெட். நம்ம ஊர்ல ரெண்டையுமே ஈயம்னுடறோம்."

நான் படித்தது பி.காம். இத்தனை நாள் எந்த ஈயத்துக்கு நான் தூக்கமில்லாமல் புரண்டேன் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. "அப்ப டெஸ்ட்டே வேணாமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். மலிவா இருக்குன்னு பூசறவங்க சில பேர் காரீயமும் கலப்பாங்க. பாத்துட்டா நிம்மதி." என் டப்பாவைத் திறந்து பார்த்தார். "ஆனா இருபத்தஞ்சு கிராமாவது வேணும். இதுல ரெண்டு கிராம்கூடத் தேறாதே?"

வேறு வழியில்லை. படிக்கட்டில் நின்று செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். சண்டைக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அடிப்பாவி," என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா டப்பா ரொப்பிக் குடுத்திருப்பனே! எத்தினி கொழந்தைங்க கண்ணுல போவுது, எனக்கு மட்டும் தெரிய வேணாவா? நீ சித்தி வூட்லயே தங்கு. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

கடைசி வாக்கியம்தான் எனக்குச் சுருக்கென்றது.

என் கணவர் வேலை செய்யும் பட்டுக் கடையிலிருந்து தினமும் தி.நகருக்கு வேன் போகும். அதில் மை வந்தது. பட்டும் மையும் ஒரே வண்டியிலா என்று முதலாளி பதறிவிட்டாராம். மறுநாள் காலை தி.நகரில் டிரைவர் என்னிடம் ஒரு டிபன் கேரியரை நீட்டினார்; அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் துணி, அதற்குள் டப்பா.

"வழி பூரா பக்கத்து சீட்ல பெல்ட்டு போட்டு ஒக்கார வெச்சிகினு வந்தம்மா. ஒரு பொடவைல பட்டா நான் காலி. சரியான பேஜாரு!"

அதற்கு முன்பே சித்தி வீட்டிலிருந்து வீடியோவில் மகளைப் பார்த்திருந்தேன். "அம்மா பாரு" என்று அக்கா போனைக் காட்ட, அவள் போனைத் தள்ளிவிட்டு அக்காவின் வளையலைக் கடித்தாள். கண்ணில் மை இல்லை. "ரிசல்ட்டு வர்ற வரைக்கும் போட மாட்டேன், நீ பயப்படாத. ஆர்டரும் நிறுத்திட்டேன்," என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த நல்லதனமும் எனக்கு எரிந்தது.

மையைக் கிண்டியில் கொடுத்து, காரீயத்துக்கு மட்டும் வரியோடு இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டிவிட்டு ஊர் திரும்பினேன். ஒரு வாரத்தில் மெயில் வந்தது: "கண்டறியப்படவில்லை." ஈயம் துளிகூட இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லையாம். அந்தக் கருவி பிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே என்றுதான் அர்த்தம் என்று கெமிஸ்ட் போனில் விளக்கினார். எனக்கு முதலில் உடம்பே லேசானது. நான் நின்றபடியே அழுதேன். அழுது முடித்துக் கீழே போனால், நான் அனுப்பிவைத்த அறிக்கையை அக்கா வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டிருந்தார்.

"அக்கா, விளம்பரத்துக்குப் போடக்கூடாதுன்னு அடியில எழுதியிருக்கு."

"அப்படியா? இரு, எடுத்துடறேன்." உடனே எடுத்தும்விட்டார். எடுத்துவிட்டு, 'எங்க வீட்டுப் பொண்ணு மெட்ராஸ் வரைக்கும் போயி டெஸ்ட் பண்ணிட்டு வந்தா' என்று அவரே எழுதிப் போட்டார். அந்த வாரம் வந்த ஆர்டரை அவரால் சமாளிக்க முடியவில்லை. பஸ்ஸில் இடுப்பொடிய உட்கார்ந்து போனது நான்.

போகிறவர்களுக்கு: எத்தனை கிராம் வேண்டும் என்று முதலில் போனில் கேளுங்கள். வெறும் ஈயம் என்று சொல்லாமல் காரீயம், லெட் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிக் கட்டணம். புதிய, சுத்தமான கண்ணாடி டப்பாவில் கொண்டுபோங்கள். அரசு அங்கீகாரம் உள்ள ஆய்வகமா என்று பாருங்கள். முடிவு நீங்கள் கொடுத்த அந்த டப்பாவுக்கு மட்டும்தான். அடுத்த முறை பிடிக்கும் மைக்குச் செல்லாது. குழந்தையைப் பற்றிப் பயம் இருந்தால் மையைச் சோதிப்பதோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார்.

எங்கள் டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஈயம் இல்லாவிட்டாலும் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம், ஆசைக்குப் பாதத்தில் பொட்டு வையுங்கள் என்றார். செல்வி அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. இப்போது என் மகளுக்குப் பொட்டு வைப்பது நான். ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை. ஆனால் கத்தாமல் காலை நீட்டுகிறாள். வைத்து முடித்ததும் விருட்டென்று எழுந்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து நகர்ந்து, அதைக் காட்டப் பெரியம்மாவிடம் இறங்கிப் போகிறாள்.