கூடையை மறந்த நிறுவை

2024 ஜூன் 22, சனிக்கிழமை, காலை பத்து இருபது. தூறல். ஹந்தானை மலை பாதிக்குமேல் மப்பில் மறைந்திருந்தது. கண்டி டவுனில் ஒரு கமராக் கடையின் படிகளில் நானும் என் மனைவியும் ஏறிக்கொண்டிருந்தோம். மொத்தம் பத்தொன்பது படிகள். பதினோராவது படியில் அவள் நின்றாள்.

"லென்ஸ் விக்கிறவரு கீழ கடை போட்டா என்னவாம்?"

"வாடகை கூட. இன்னும் எட்டுப் படிதான், வா."

எழுபத்தொரு வயதில் ஒருவன் ஏன் விளையாட்டுப் படம் பிடிக்கும் நீள லென்ஸ் தேடிப் போகிறான் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மகள் தோஹாவில் ஆஸ்பத்திரித் தாதி. அவளுடைய மகளை ஆறு வயதிலிருந்து நாங்கள்தான் வளர்க்கிறோம். பேத்திக்கு இப்போது பதினெட்டு. பாடசாலை அணியில், ஏழு பேர் ஆடும் ரக்பியில், ஓரத்தில் நின்று பந்தை வாங்கி ஓடுகிறவள். அவள் நூறு மீட்டர் ஓடுவதை என் கைக்கடிகாரத்தில் ஆறு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் பதினாலு செக்கனைத் தாண்டவில்லை. அவள் விளையாடுவதை அவளைப் பெற்றவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

என் கமராவோடு வந்த சின்ன லென்ஸால் பிடித்து இருபத்து மூன்று படங்கள் அனுப்பியிருந்தேன். மகள் போனில் சிரித்தாள்.

"அப்பா, இந்தப் பதினாலு பேருல எம்புள்ள எதுன்னு ஒரு வட்டம் போட்டு அனுப்புங்க."

நானும் சிரித்தேன். பிறகு அவள் பேசவில்லை. ஒன்பது செக்கன். அந்த ஒன்பது செக்கனுக்காகத்தான் லென்ஸ். பாடசாலைக்காகப் பேத்தி ஆடும் கடைசி நாள் ஜூலை 13. அதற்குள் அவளுடைய தாய் பார்த்தவுடனே அடையாளம் காணும்படி ஒரு படம் எடுத்தாக வேண்டும்.

நான் யோசிக்காமல் போகிறவன் அல்ல. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்தவன். ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்க் காலடியால் அளந்தேன். வேலியோரத்தில் நான் நிற்கும் இடத்திலிருந்து பந்தை வைக்கும் கோட்டின் மூலைக்கு நாற்பத்திரண்டு எட்டு. கிட்டத்தட்ட முப்பது மீட்டர். அதற்கு 200 மில்லிமீட்டர் லென்ஸ் போதும், 600 வேண்டாம். நான்கு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அங்கே போய்க் கமராவிலேயே வெளிச்சத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். கண்டியில் இந்த மாதங்களில் மூன்று மணிக்குமேல் வெயிலை நம்பக் கூடாது. ஓடுகிற காலை நிறுத்திப் பிடிக்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். 5.6 திறப்புள்ள மலிவு லென்ஸில் அந்த வெளிச்சத்துக்கு இருநூற்றைம்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். கால் புகையாகிவிடும். 2.8 திறப்பு நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆகவே, 70இலிருந்து 200 வரை போகும் 2.8. புதிது நமக்கு எட்டாது. பழையது ஒன்று அந்தக் கடையில் இருந்தது, போனில் சொல்லிவைத்திருந்தேன்.

அதன் எடை ஒரு கிலோ 540 கிராம் என்று இணையத்தில் போட்டிருந்தது. என் கை தாங்குமா? அதையும் பார்த்தேன். அரைக் கிலோ தேயிலைப் பக்கெட் மூன்று, ஒரு மெழுகுதிரி, ஒரு தீப்பெட்டி. எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டிக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பதினைந்து நாள் பழகினேன். முதல் நாள் பதினெட்டுச் செக்கன். பதினைந்தாம் நாள் ஐம்பத்தைந்து. பேத்தி பந்தோடு ஓடினால் எட்டுச் செக்கனுக்குமேல் ஓடமாட்டாள். பந்து எப்போது அவளிடம் வரும் என்று காத்திருக்க நாற்பது. கணக்கு சரி.

கடைக்காரர் ஐம்பது வயதிருக்கும் முஸ்லிம் மனிதர். எங்களைக் கண்டதும் மனைவிக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்க உம்மா. ஐயா, அந்த லென்ஸ விடுங்க. 600 ஒண்டு ஈக்கி. பஹிரவகந்த புத்தர் சிலைக்கு மேல ஒக்காந்து ஈக்கிற காக்காய இங்கேந்தே எண்ணலாம்."

"எண்ணச் சொல்லாதீங்க," என்றாள் மனைவி. "எண்ணிட்டுத்தான் வருவாரு. நாம பஸ்ஸ விட்டுருவோம்."

நான் டோர்ச்சை எடுத்துப் பழைய லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தேன். கண்டி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காத கண்ணாடி அபூர்வம். தூசு ஏழு. பூஞ்சணம் இல்லை. கடைக்காரர் லென்ஸை என் கமராவில் பூட்டித் தந்தார். ஜன்னலருகே நின்று, தெருவுக்கு அப்பால் மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்த புறாவைப் பார்த்தேன். அதன் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வளையம்கூடத் தெரிந்தது. மனதுக்குள் எண்ணினேன். பத்து. பதினைந்து. பதினெட்டில் புறா ஆடத் தொடங்கியது. இருபத்தொன்றில் என் கை தானாகவே இறங்கிவிட்டது.

"என்னங்க?"

ஐம்பத்தைந்து செக்கன் எங்கே போனது? கடைக்காரர் லென்ஸைக் கழற்றி, கமராவை மட்டும் என் உள்ளங்கையில் வைத்தார். பற்றரியோடு அது 860 கிராம். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அது எப்படி நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று பெயருக்கு நேரே எடை எழுதியவன் நான். கூடையோடு நிறுப்போம், கூடைக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவோம். அது தோட்டத்துச் சட்டம். அதற்குமேல் ஒரு கிராம் நான் வெட்டியதில்லை, அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் முப்பத்தெட்டு வருடம் கூடையைக் கழித்தே பழகிய கைக்குக் கொழுந்துதான் எடை, கூடை எடையே இல்லை. லென்ஸ் கொழுந்து. கமரா கூடை. கழித்துவிட்டேன்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் என் மனைவி அதே தோட்டத்தில் பதினாறு வருடம் கொழுந்து எடுத்தவள். கிளாக்கர் கொழுந்துக்காரியைக் கட்டியதைப் பற்றி அன்று யார் யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அவள் கதிரையில் சாய்ந்து சிரித்தாள். "தெனம் கூடைக்கு ரெண்டு கிலோ வெட்டுனீங்களே, அது காத்தாவா இருந்துச்சு? ஏம் முதுகுலதான இருந்துச்சு! இப்ப தூக்கிப் பாருங்க கிளாக்கரய்யா."

"அல்லாவே!" என்று கடைக்காரரும் சிரித்தார். "ஐயா, ஒத்தக்கால் ஸ்டாண்ட் ஒண்டு ஈக்கி. அதுக்கு மேல வைங்க."

"மைதான வாசல்ல பலகை இருக்கு. ஒன்பது விதி. நாலாவது, கம்பு தடி கொண்டுபோகக் கூடாது."

"அப்ப இந்தச் சின்னத எடுங்க. எழுநூறு கிராம்தான்."

சின்னதைக் கையில் வாங்கினேன். சுகமாக இருந்தது. ஆனால் 5.6. என் கொப்பியில் நான்கு சனிக்கிழமையும் அதற்கு எதிராக இருந்தன. தூக்க முடிகிற லென்ஸில் முகம் வராது. முகம் வருகிற லென்ஸைத் தூக்க முடியாது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொன்று ஐந்தாகிவிட்டது.

மனைவி எழுந்து வந்தாள். எனக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். அவள் உச்சி என் மூக்குக்கு வரும்.

"பாரமானதையே எடுங்க. ஏந் தோள்ல வச்சிப் பாருங்க."

குனிந்து வைத்தேன். புறா அசையவில்லை. தொண்ணூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

"சும்மா இல்ல," என்றாள் திரும்பாமலே. "தோளுக்கு வாடகை இருக்கு."

ஜூலை 13, பின்னேரம் மூன்று ஐம்பது. தூறல் விட்டிருந்தது, வெளிச்சம் நான் எழுதிவைத்த அளவைவிடவும் குறைவு. வேலியோரத்தில், அளந்த இடத்தில், மடித்த துவாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். பின்னால் இருந்த பொடியன்கள் சிரித்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

"மூச்ச மெதுவா விடு. லென்ஸ் ஏறி எறங்குது."

"நான் செத்தா நிக்கும். பொறுங்க."

முதல் பாதியில் பந்து பேத்தியிடம் வந்தது. அவள் ஓடினாள். என் ஸ்டாண்டு "ஓடு புள்ள!" என்று கத்திக்கொண்டு துள்ளியது. எனக்குக் கிடைத்தது பதினாலு படம், பதினாலும் வானம். நான் வாயைத் திறக்குமுன் அவளே, "இனிமே ஆட மாட்டேன்," என்றாள்.

இரண்டாம் பாதி. முடிய ஒரு நிமிடம் இருக்கும். பந்து ஓரத்துக்கு வந்தது. பேத்தி அதை வாங்கி, ஒருத்தியைத் தாண்டி, எங்கள் மூலையைப் பார்த்து நேரே வந்தாள். மைதானம் முழுக்கக் கத்தியது. நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். தூக்கி வளர்த்த பிள்ளை பறந்து வருகிறாள். என் மனைவி கத்தவில்லை, கை தட்டவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. லென்ஸுக்குக் கீழே அவள் தோள் கல்லாக இருந்தது. பேத்தி கோட்டுக்கு அப்பால் விழுந்து பந்தைத் தரையில் அழுத்திய பிறகுதான் அந்தத் தோள் ஒரு தடவை குலுங்கியது. அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஓட்டத்தில் பிடித்தது இருபத்தாறு படம். ஒன்பதாவது படத்தை அன்று மாலையே தோஹாவுக்கு அனுப்பினேன். வட்டம் போடவில்லை. நாலு நிமிடத்தில் மகளின் குரல் பதிவு வந்தது.

"அப்பா! கீழ் ஒதட்ட இடது பக்கமா கடிச்சிக்கிட்டு ஓடுறா பாருங்க. அம்மா கொழுந்து எடுக்குறப்ப இப்புடித்தான கடிப்பாங்க? அச்சு அசல் அம்மா!"

மனைவி அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாள். "நான் எங்க கடிச்சேன்?" என்றாள், உதட்டை இடது பக்கமாகக் கடித்துக்கொண்டே.

அந்தப் படம் இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறது. வருகிறவர்களிடம் யார் எடுத்தது என்று நான் சொல்வேன்; எதன்மேல் வைத்து எடுத்தது என்று அவள் சொல்வாள். லென்ஸ் 228,000. பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட 3,400. தோள் வாடகைக்குச் சேலை, அவளே தெரிந்தெடுத்தது, 6,850. கழிவு எதுவும் போடவில்லை. மொத்தம் 238,250 ரூபாய்.