காலடியில் ஒரு மூட்டை

மனிதன் ஒவ்வொரு நொடியும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறான், சும்மா இருந்தாலும் அது அவன் தேர்வுதான் என்று நாவல்களில் வாதிட்ட வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவரை, அறுபதுகளின் கடைசியில் விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு நாளிதழில் புரூஃப் பார்க்கும் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒரு காலை, எல்லைக்கு அப்பால் ஆந்திராவில் இருக்கும் சூளூர்ப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவரத் தடை இருந்த காலம். அந்தத் தடத்தில் வரும் பெண்கள் தங்கள் அரிசி மூட்டையைப் பேண்ட் போட்ட பயணியின் காலடியில் தள்ளிவிடுவார்கள். அங்கே போலீஸ் அதிகம் குனிந்து பார்க்காது என்று நம்பிக்கை. எளாவூர் சோதனைச் சாவடி நெருங்கியதும் பக்கத்தில் இருந்த அம்மாளும் அதையே செய்தார்.

"கொஞ்சம் காலை அகட்டிக்க நைனா. கும்மிடிப்பூண்டில எறங்கிடுவேன்."

ஏறிய போலீஸ்காரர் நேராக என்னிடம் வந்து, லத்தியால் மூட்டையைத் தட்டினார்.

"இது யாருது?"

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. தெரியாது என்றால் அவருடைய அரிசி போய்விடும். என்னுடையது என்றால் வழக்கு, அதோடு என் வேலையும் போய்விடும். மடியில் அந்த நாவல் பிரித்தபடி கிடந்தது.

"என்னுது" என்றேன்.

"இன்னா அரிசி சார்?"

தெரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பேரு கூடத் தெரியாமத்தான் தூக்கினு வர்றீங்களா? தெனம் இதே பஸ்ஸுல, பேண்ட்டு போட்டவரு காலுக்கடியில மூட்டை. கேட்டா தெரியாதும்பாங்க, நானும் எடுத்துக்கினு போய்க்கினே இருப்பேன். நீங்க ஒருத்தரு வந்து என்னுதுன்னு பேஜாரு பண்றீங்க. இப்ப உங்க மேல கேஸு எழுதிக்கினு ஒக்காரணுமா?"

மூட்டையைத் தொடாமல், அம்மாளை ஒரு முறை முறைத்துவிட்டு இறங்கினார். வெளியே பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போ, போ" என்றார்.

வண்டி நகர்ந்தது.

"பொய் சொல்றவன் அரிசி பேரையாவது கேட்டு வெச்சிக்க வாணாமா நைனா?" என்று அம்மாள் திட்டினார். பிறகு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த எழுத்தாளரின் வாதங்களில் ஓட்டைகள் இருப்பதைப் பின்னாளில் நண்பர்கள் காட்டினார்கள். சிலவற்றை ஒப்புக்கொண்டேன். இருந்தும் அவரைப் படிப்பதை நிறுத்தவில்லை. அன்று எனக்கு வந்த நிம்மதி தப்பித்துக்கொண்டதால் வந்ததல்ல. தெரியாது என்று சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பேன்.